காற்றில் ஆடிய சிவப்பு டப்பா

தென்காசி மாஜிஸ்திரேட் அவர்கள் முன்னிலையில் 1959-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ம் தேதி செவ்வாய்க்கிழமை முற்பகலில் சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர் வடிவம்மாள். வயது நாற்பது, ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். கணவர் பெயர் முத்துராமலிங்கம், காலஞ்சென்றவர். இருப்பது ஆய்க்குடி கீழத்தெரு. தொழில், சீசன் மாதங்களில் குற்றாலம் அருவிக்கரை விலாஸ் தங்கும் விடுதியில் அடுக்களை வேலை, மற்ற மாதங்களில் கல்யாண வீடுகளில் பலகாரம் சுடுவது.

யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ இந்த வாக்குமூலம் கொடுக்கிறாயா என்று மாஜிஸ்திரேட் ஐயா கேட்டார்கள். சொல் என்று என்னை யாரும் மிரட்டவில்லை. சொல்லாதே என்றுதான் ஒருவர் மிரட்டினார். அது அதன் முறை வரும்போது சொல்கிறேன்.

மேற்படி விடுதியின் முதலாளி தில்லைநாயகம். சமையல் மாஸ்டர் ராயகிரியைச் சேர்ந்த சங்கிலிப்பாண்டி. இவர் எனக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. மாவில் உப்புப் போடுவது யார், அடுப்பைத் தணிப்பது யார் என்று சீசன் முழுவதும் நானும் அவரும் போட்ட சண்டை அந்த வீதிக்கே தெரியும். மூன்று சீசனாக அவர் என்னை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை, நானும் தம்பி என்றதில்லை. அவருக்காகப் பரிந்து பேச எனக்கு வேறு முகாந்திரம் எதுவும் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குற்றாலத்தில் சீசன் என்றால் சாரல் விடாது, சாரல் விடாவிட்டால் துணி காயாது. வந்து தங்குகிறவர்களோ ஒரு நாளைக்கு எத்தனை தடவை அருவிக்குப் போவார்கள் என்று கணக்கில்லை. ஆகவே விடுதியின் பின்பக்கம் ஓலைக் கொட்டகை போட்டு, நெடுகக் கயிறு கட்டி, கயிற்றுக்குக் கீழே கரியடுப்புகளை வைத்து, அந்தச் சூட்டில் துணி உலர்த்துவது எங்கள் விடுதியில் உள்ள ஏற்பாடு. போன வருஷம் சீசனில் ஒரு சேலை நழுவிக் கரியில் விழுந்து, கயிறு பற்றி, ஓலை பற்றி, கொட்டகையில் பாதி போய்விட்டது. ஆட்களுக்குச் சேதம் இல்லை.

அதன் பிறகு முதலாளி தீயணைக்கிற கருவி ஒன்று வாங்கினார். சிவப்பு நிறம், இடுப்பு உயரத்தில் பாதி இருக்கும், தலையில் ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு மூக்கு. நாங்கள் அதைச் சிவப்பு டப்பா என்று சொல்வோம். அதைக் கொண்டுவந்த கம்பெனிக்காரர் மதுரையிலிருந்து வந்தவர். அவர் விடுதி முற்றத்தில் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்டினார். சோடா உப்பு கரைத்த தண்ணீர், அதன் நடுவில் ஒரு கண்ணாடிக் குப்பியில் திராவகம். குமிழைக் கல்லில் ஓங்கிக் குத்தினால் குப்பி உடைந்து திராவகம் தண்ணீரில் கலந்து பொங்கும், டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால் மூக்கு வழியே தண்ணீர் பீறிட்டு அடிக்கும் என்றார். பிறகு காய்ந்த ஓலையையும் கந்தல் துணியையும் குவித்துத் தீ வைத்து, நன்றாக எரிய விட்டு, அப்படியே அடித்துக் காட்டினார். எரிந்த குவியல் சாம்பல் கூழாகிவிட்டது. எல்லோரும் அம்மாடியோ என்று வாயைப் பிளந்தோம்.

அப்போது நான், அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி பற்றினாலும் இதையே அடிக்கலாமா என்று கேட்டேன். கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "அம்மா, இது துணி, ஓலை, விறகு, காகிதம் இதுகளுக்குத்தான். எண்ணெயில அடிச்சிராதீங்க. தண்ணி அடியில போயி, அந்தச் சூட்டுல ஆவியா வெடிச்சு, எரியிற எண்ணெயை மேல தூக்கி எறியும். கரண்டு கம்பியிலயும் அடிக்காதீங்க, அடிக்கிறவன் உடம்புலதான் பாயும். எண்ணெய் பத்துனா அடுப்பை இழுத்துட்டு, சட்டியை மூடியால மூடிருங்க." இதைச் சொல்லும்போது முதலாளி அவருக்கு அடுத்துதான் நின்றார். காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அன்றைக்கு மாலையிலேயே வந்திருந்த விருந்தாட்களிடம் டப்பாவைத் தட்டிக் காட்டி, எண்ணெய்க்கு ஆகாது, கரண்டுக்கு ஆகாது என்று கம்பெனிக்காரர் மாதிரியே அவரும் விளக்கினார். நான் காப்பி கொண்டு போய்க் கொடுத்தபோது கேட்டேன்.

அதன் பிறகு இந்த வருஷம் ஆனி மாதம் கொட்டகையில் மறுபடியும் ஒரு வேட்டி பற்றிக் கயிற்றோடு எரிந்தது. முதலாளி ஓடிப்போய் கொட்டகைத் தூணில் மாட்டியிருந்த டப்பாவை இறக்கி, குமிழைக் குத்தி, தலைகீழாகப் பிடித்து அணைத்துவிட்டார். விருந்தாட்கள் கைதட்டினார்கள். இராஜபாளையத்துக் குடும்பம் ஒன்று அவருக்கு மாலை போட்டு, டப்பாவைக் கையில் கொடுத்து நிற்க வைத்துப் போட்டோ எடுத்தது. அந்தப் போட்டோ இப்போதும் விடுதி முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. கம்பெனிக்காரர் திரும்ப வந்து புதுக் குப்பி வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துப் போனார்.

மறுபடி கொட்டகையில் மாட்டிய டப்பாவை விருந்தாட்களின் பிள்ளைகள் சும்மா விடவில்லை. குமிழைத் தட்டுவதும் மூக்கில் வாயை வைத்து ஊதுவதுமாக இருந்தார்கள். அதனால் முதலாளி அதைக் கழற்றி அடுக்களை வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டச் சொன்னார். மாட்டியது சங்கிலிப்பாண்டி. நிறைந்த டப்பாவை ஒற்றைக் கையால் தூக்க முடியாது, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, மூச்சு வாங்கித்தான் மாட்டினார். மாட்டிவிட்டு அவர் சொன்னது: "அண்ணாச்சி, இது இங்கன வேண்டாம். கைக்கு எட்டுத இடத்துல இருந்தா, அவசரத்துல கை இதத்தான் தேடும்." அதற்கு முதலாளி, "ஏலே, தீ எரியுத இடம் அடுக்களை. அங்கன வைக்காம அருவியிலயா கொண்டு வைக்கச் சொல்லுதே?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இனி சம்பவ தினம். ஆடி மாதம், போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. மதியச் சாப்பாடு முடிந்து, மாலைப் பலகாரத்துக்கு நேந்திரங்காய் சீவி வறுத்துக்கொண்டிருந்தோம். பெரிய இரும்புச் சட்டி, அதில் பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெய். நான் சீவினேன், சங்கிலிப்பாண்டி வறுத்தார், உலகம்மை என்பவள் பின்வாசலில் பாத்திரம் விளக்கினாள். வேறு ஆள் உள்ளே இல்லை. சாரலில் விறகு ஈரமாகிப் புகைந்தது. விருந்தாட்கள் காத்திருக்கிறார்கள் என்று முதலாளி வாசலில் நின்று சத்தம் போட்டு, ஒரு கூடை தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்து அவரே அடுப்பில் கொட்டிவிட்டுப் போனார். சிரட்டை எரிகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் தீ சட்டி விளிம்புக்கு மேலே வந்தது. எண்ணெய் புகைந்தது. அதன் பிறகு எண்ணெயே பற்றிக்கொண்டது.

இந்த இடத்தை நன்றாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தீ சட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. சட்டியை விட்டு வெளியே ஒரு பொறி இல்லை. சங்கிலிப்பாண்டி கத்தவில்லை, ஓடவில்லை. குனிந்து சிரட்டையை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டே, "மூடிய எடு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். மூடி சாக்கடை ஓரம் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பெரிய இரும்பு மூடி. நான் அதை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

அப்போது உலகம்மை பின்வாசலிலிருந்து தீ தீ என்று கூப்பாடு போட்டாள். முன்கட்டிலிருந்து முதலாளி ஓடி வந்தார். அவர் பின்னால் விருந்தாட்கள் சிலர் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒருவர், முதலாளி டப்பாவ எடுங்க என்றார். முதலாளி ஆணியிலிருந்து டப்பாவை இறக்கி, ஆட்டுரலின் மேல் குமிழை ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் சங்கிலிப்பாண்டி நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் சட்டிக்கும் முதலாளிக்கும் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து, "அண்ணாச்சி, எண்ணெயில அடிக்காதிய! அடிக்காதிய!" என்றார். முதலாளி "தள்ளுலே" என்றார். என்னையும் தோளால் இடித்தார். நான் மூடியோடு சுவரில் போய் மோதினேன்.

அதன் பிறகு தண்ணீர் சட்டியில் விழுந்தது. எண்ணெய் தீயோடு எழும்பி ஓட்டுக்கூரை வரைக்கும் போய்த் திரும்பி விழுந்தது. விழுந்த இடத்தில் சங்கிலிப்பாண்டி நின்றார். முகம், நெஞ்சு, விரித்த கை இரண்டும். எனக்கு வலது முன்கையில் பட்டது, கட்டு இருக்கிறது, ஐயா பார்க்கலாம். நான் எழுந்து சட்டியில் மிச்சம் எரிந்துகொண்டிருந்ததை மூடியால் மூடினேன். உடனே அணைந்துவிட்டது. மூடி போட்டால் அவ்வளவுதான் வேலை.

முதலாளி டப்பாவைக் கீழே வைக்கவில்லை. நிமிர்த்தவும் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அது தீருகிற வரைக்கும் அவர் பாதத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

இதன் பிறகுதான் தண்ணீர் சுமக்கிற தங்கசாமி இரண்டு குடத்தோடு பின்வாசலுக்கு வந்தார். அவர் வந்தபோது அடுக்களையில் தீ இல்லை. அந்த இரண்டு குடத்துத் தண்ணீரையும் நானும் உலகம்மையும் சங்கிலிப்பாண்டி உடம்பில் ஊற்றினோம். தரை நனைந்திருந்தது அதனால்தான். சங்கிலிப்பாண்டி குடித்துவிட்டு வந்து எண்ணெயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார் என்றும், அதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் தங்கசாமி போலீசில் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். சங்கிலிப்பாண்டி என்னிடம் எத்தனையோ கெட்ட வார்த்தை பேசியிருக்கிறார், ஆனால் அடுப்பு எரிகிற நேரத்தில் ஒரு சொட்டுக் குடித்து நான் பார்த்ததில்லை. தங்கசாமிக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, முதலாளி சொன்னதைச் சொல்லியிருப்பார், அவரை நான் சபிக்கவில்லை.

சங்கிலிப்பாண்டியை வாழை இலையில் சுற்றி முதலாளியின் காரில் தென்காசிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஆய்க்குடிக்குப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து சங்கிலிப்பாண்டியின் மனைவி பேச்சித்தாய் என்னைத் தேடி வந்தாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பதாகவும், அவர் தேறினால் அவர்மேல் கேஸ் என்று சொல்வதாகவும் சொன்னாள். வாய் திறக்க முடியவில்லை, விரல் அசைக்க முடியவில்லை, தண்ணீர் கொடுக்கக் கிட்டே போனால் மட்டும் உடம்பு தூக்கிப் போடுகிறது என்றாள். அவள் அழவில்லை. "எக்கா, நீங்கதான் கூட நின்னியளாம். அவுக தண்ணி ஊத்துனாகளா?" என்று கேட்டாள். ஊற்றவில்லை என்றேன். "இத கோர்ட்டுல சொல்லுவியளா?" என்றாள். சொல்லுவேன் என்றேன். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் வந்து போனது எப்படித் தெரிந்ததோ, மறுநாள் முதலாளி ஆய்க்குடிக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். சத்தம் போடவில்லை, உரிமையோடு உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். "வடிவு, அவன் பொழைக்க மாட்டான்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. பொழைக்காதவன் தலையில போட்டா யாருக்கு என்ன நட்டம்? நீ இருக்கே, நான் இருக்கேன், சீசன் வருசா வருசம் வருது" என்றார். நான், பிழைத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "ஒத்தப் பொம்பள. அடுப்படியில நிக்குதவ. பார்த்து இருந்துக்கோ" என்றார். பழத்தை அவர் கண் முன்னாலேயே அடுத்த வீட்டு மாட்டுக்குப் போட்டேன். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. பதற்றத்தில் அடித்தது குற்றமா இல்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். முன்னே கை தட்டினவர்களைப் போல ஆட்கள் பின்னால் நின்றார்கள், அந்தக் கைதட்டலுக்குத்தான் அவர் கை டப்பாவுக்குப் போனது. ஆனால் தடுத்த அந்த மனுஷன் மேலேயே பழியைத் தூக்கிப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று, என் சீவுகட்டையும் மாற்றுச் சேலையும் அங்கேயே கிடந்தபடியால், அவற்றை எடுக்க விடுதிக்குப் போனேன். சேலை துணிக் கொட்டகையில் இருந்தது. அங்கே போனபோது டொக், டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. பார்த்தால் சிவப்பு டப்பா. அடுக்களை வாசலிலிருந்து கழற்றி, புதுச் சிவப்புச் சாயம் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, கொட்டகைத் தூணில் பழைய ஆணியிலேயே மாட்டியிருந்தார்கள். தொடவே இல்லை என்று போலீசுக்குக் காட்ட வேண்டுமே, அதற்காக. கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு நிரப்பியிருக்க முடியாது. கூப்பிட்டால் எதில் அடித்தீர்கள் என்று அவர் கேட்பார்.

சாரல் காற்று உள்ளே வரும்போதெல்லாம் அது ஆடித் தூணில் இடித்தது. நிறைந்த டப்பா காற்றுக்கு ஆடாது.

அதற்குக் கீழே கரியடுப்புகள் எரிந்தன. கயிறு நிறைய ஈரச் சேலை. சிவகாசியிலிருந்து வந்திருக்கிற ஒரு குடும்பத்துப் பெண், அந்தத் தூணிலேயே கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருந்தாள். இங்கே ஏன் கட்டினாய் என்று கேட்டேன். சூடு நல்லா இருக்கு, தீப்பிடிச்சாலும் கவலையில்ல, அணைக்கிற மிசினுக்குக் கீழதானே கெடக்கு, முதலாளிதான் இந்த இடத்தைக் காட்டுனாரு என்றாள். அது வெறும் டப்பா என்று சொன்னேன். அவள் என் கைக் கட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், குழந்தையை என்னிடமிருந்து அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு நான் வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து, கரியடுப்பு ஒவ்வொன்றிலும் ஊற்றி அணைத்தேன். ஆட்கள் வந்து என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும், விடுதிக்குள் புகுந்து தண்ணீர் ஊற்றிச் சேதம் செய்தேன் என்றும், அடுக்களையில் ஊற்றியதும் இவளாகத்தான் இருக்கும் என்றும் முதலாளி இன்று காலை ஒரு புகார் கொடுத்திருக்கிறாராம். தண்ணீர் ஊற்றியது உண்மை. கரியில் ஊற்றினேன். கரிக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

டப்பாவை உடனே எடுத்து வர வேண்டும், தாமதித்தால் யாராவது வெறும் தண்ணீரை ஊற்றிக் கனமாக்கி வைத்துவிடுவார்கள், அப்படி நிரப்பினாலும் கழற்றிப் பார்த்தால் உள்ளே கண்ணாடிக் குப்பி உடைந்துதான் கிடக்கும் என்று இன்று காலை நான் மாஜிஸ்திரேட் ஐயா அவர்களிடம் விண்ணப்பித்துக்கொண்டேன். அதன்பேரில் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் அனுப்பப்பட்டார். அவர் திரும்பி வரும் வரை வாக்குமூலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இப்போது எனக்குக் காட்டப்படும் சிவப்புக் கருவி மேலே நான் சொன்ன அதே டப்பாதான். குமிழ் உள்ளே அமுங்கியிருக்கிறது, அதன் மேலேயும் சாயம் பூசியிருக்கிறது. கொண்டுவந்த போலீஸ்காரர் ஒற்றைக் கையில் தூக்கி வந்து இந்த மேசைமேல் வைத்தார். வைக்கும்போது உள்ளே கண்ணாடி உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது, எழுதுகிற ஐயாவுக்கும் கேட்டது. அதை எழுதச் சொன்னேன், எழுதினார்.

கொட்டகையில் கரியடுப்பு மறுபடி எரிகிறதா என்று போலீஸ்காரரிடம் கேட்டேன். எரிகிறது என்றார். தொட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

சங்கிலிப்பாண்டி சட்டியில் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றாதே என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இதுவரை சொன்னது என் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னதற்கு மாறாக ஒரு சொல்லும் இல்லை. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். எனக்கு எழுதத் தெரியும். வலது கையில் கட்டு இருப்பதால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தாலும் இது என் கையெழுத்துத்தான்.

(ஒப்பம்) மு. வடிவம்மாள்